வாசலுக்கு வெளியே இருந்த அலுவலகம்

2011 ஏப்ரல் 1 அன்று நியூயார்க் மாநில அரசின் துறைப் பட்டியலிலிருந்து பரோல் துறை நீங்கியது. 1930இல் தொடங்கப்பட்டு, இடையில் சில ஆண்டுகள் தவிர, தனித்தே இயங்கிவந்த துறை அது. அன்று முதல் அதன் அலுவலர்களும் கோப்புகளும் சிறைத்துறையின் கீழ் வந்தன. சிறைத்துறையின் பெயரும் 'சீர்திருத்தம் மற்றும் சமூகக் கண்காணிப்புத் துறை' என்று மாறியது. ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தோடு வந்த மாற்றம் இது. செலவைக் குறைப்பது ஒரு காரணம். ஒருவர் சிறைக்குள் நுழையும் நாள் தொடங்கி, வெளியே அவர்மீதான கண்காணிப்பு முடியும் நாள் வரை ஒரே கோப்பு, ஒரே பொறுப்பு என்பது இன்னொரு காரணம். இரண்டும் நியாயமானவை. ஆனாலும் அந்த இணைப்பில் கைநழுவிய ஒன்றைப் பற்றி இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில் பரோல் என்றதும் நினைவுக்கு வருவது, தாயின் இறுதிச் சடங்குக்கோ மகளின் திருமணத்துக்கோ கைதிக்குக் கிடைக்கும் சில நாள் விடுப்பு. அமெரிக்க மாநிலங்களில் பரோல் என்பது, தண்டனையின் ஒரு பகுதியைச் சிறையில் கழித்தவர் மீதியை நிபந்தனைகளோடு வெளியே கழிப்பது. நியூயார்க்கில் விடுதலையான 24 மணி நேரத்துக்குள் அவர் தன் பகுதியின் பரோல் அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். அங்கே அவருக்கு ஓர் அலுவலர் ஒதுக்கப்படுவார். அந்த அலுவலரின் இடுப்பில் துப்பாக்கி இருக்கும். கைது செய்யும் அதிகாரமும் உண்டு. வேலை தேட உதவுவது, தங்க இடம் பார்ப்பது, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை ஏற்பாடு செய்வது ஆகியவையும் அவர் பொறுப்பே. பாதி போலீஸ்காரர், பாதி சமூகப் பணியாளர். அவர் எந்தத் துறைக்குப் பதில் சொல்பவர் என்பதைப் பொறுத்து, இந்த இரண்டு பாதிகளில் ஒன்று வளரும், மற்றது தேயும்.

இதன் தொடக்கமும் நியூயார்க்கில்தான். 1876இல் எல்மைரா சீர்திருத்தச் சிறை திறக்கப்பட்டது. 16 முதல் 30 வயது வரையிலான, முதன்முறை குற்றம் செய்தவர்களுக்கான இடம். அதன் கண்காணிப்பாளர் செபுலன் பிராக்வே, நடத்தைக்கு மதிப்பெண் கொடுத்து, போதிய மதிப்பெண் பெற்றவரைத் தண்டனைக் காலம் முடியுமுன்பே வெளியே அனுப்பும் முறையை நடத்திக்காட்டினார். வெளியே போனவர் ஆறு மாதம் ஒழுங்காக இருக்க வேண்டும். தனக்கென்று நியமிக்கப்பட்ட பொறுப்பாளரிடம் மாதந்தோறும் தன் நிலையைச் சொல்ல வேண்டும். முறை தவறினால் திரும்ப எல்மைரா. உலகம் முழுவதிலுமிருந்து சிறைச் சீர்திருத்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன இடம் அது.

ஆனால் அங்கே மதிப்பெண் போட்டவரும், விடுதலையைத் தீர்மானித்தவரும், திரும்ப அழைத்துக்கொண்டவரும் ஒரே நிர்வாகத்தினர். 1893-94இல், கைதிகளை பிராக்வே கொடூரமாக அடித்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்து மாநில அளவில் விசாரணை நடந்தது. சீர்திருத்தத்தின் தந்தை என்று புகழப்பட்டவரின் சிறைக்குள் தோல்வாரும் இருந்தது. அடிவாங்கியவர் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்? அவருடைய விடுதலை அடித்தவரின் மதிப்பெண் ஏட்டில் இருந்தது.

1929இல் ஆபர்ன் சிறையிலும், கனடா எல்லையை ஒட்டிய டேனமோரா சிறையிலும் கலவரங்கள் வெடித்தன. சிறைகள் நிரம்பி வழிந்தன. நான்காவது குற்றத்துக்கு ஆயுள் தண்டனை என்ற 1926ஆம் ஆண்டுச் சட்டம், வெளியே வரும் நம்பிக்கையே இல்லாத ஒரு கூட்டத்தை உள்ளே சேர்த்திருந்தது. அப்போது ஆளுநராக இருந்தவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1930இல் பரோலைச் சிறைத்துறையிடமிருந்து பிரித்து, ஆளுநரின் நேரடிப் பொறுப்பில் ஒரு தனித் துறையாக அமைத்தார்கள். யாரைப் பரோலில் விடுவது என்று தீர்மானிப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட மூவர் வாரியம் வந்தது. அதுவரை கண்காணிப்பின் கணிசமான பகுதியைத் தொண்டு அமைப்புகளின் ஆட்களே செய்துவந்தார்கள். 1844 முதல் இயங்கிவந்த நியூயார்க் சிறைச் சங்கம் அவற்றில் முதன்மையானது. தொண்டர் செய்த வேலை இனி சம்பளம் வாங்கும் அலுவலரின் வேலையானது. அவர் சிறைத்துறையின் ஆளாகவும் இருக்கவில்லை.

அந்த ஏற்பாடு நாற்பது ஆண்டுகள் நின்றது. 1971 ஜனவரியில் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லரின் ஆட்சியில் இரு துறைகளும் ஒன்றாயின. புதிய கூட்டுத் துறையின் ஆணையராக வந்தவர் ரஸ்ஸல் ஆஸ்வால்ட். அதற்குமுன் அவர் பரோல் வாரியத்தின் தலைவர். சிறையையும் பரோலையும் இணைக்கும் பாலமாக அவரைவிடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அட்டிகா சிறைக் கைதிகள் கிளர்ந்தெழுந்து பணியாளர்களைப் பிணை பிடித்தார்கள். நான்கு நாள் பேச்சுவார்த்தைக்குப் பின் காவல் படை துப்பாக்கிச் சூட்டோடு உள்ளே நுழைந்தது. மொத்தம் 43 பேர் இறந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு உள்ளே போய்வந்தவர்களில் ஆஸ்வால்டும் ஒருவர். படை நுழைய உத்தரவு கொடுத்தவரும் அவரே.

அட்டிகா கைதிகளின் கோரிக்கைகளில் உணவு இருந்தது, மருத்துவம் இருந்தது, மத உரிமை இருந்தது. பரோலும் இருந்தது. நிபந்தனையை மீறினார் என்று திரும்பச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டவருக்கு, நிர்வாக முடிவாகவே மறுபடி தண்டனைக் காலம் விதிப்பதை நிறுத்துங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பின்னர் விசாரித்த மெக்கே ஆணையம், பரோல் நேர்காணல் ஒவ்வொன்றுக்கும் கோப்பைப் படிக்கும் நேரத்தையும் சேர்த்துச் செலவானது சராசரியாக ஆறு நிமிடத்துக்கும் குறைவு என்று கணக்கிட்டது. ஒரு மனிதரின் இன்னும் இரண்டு ஆண்டுகள் அந்த ஆறு நிமிடத்தில் தீர்மானமாயின. ஏன் மறுக்கப்பட்டது என்பதற்குக் காரணம்கூட அவருக்குச் சொல்லப்படவில்லை.

1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அயோவா மாநிலத்திலிருந்து வந்த மோரிஸி வழக்கில், விசாரணை இல்லாமல் பரோலை ரத்து செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1977இல் நியூயார்க் சட்டமன்றம் பரோலை மறுபடி தனித் துறையாகப் பிரித்தது. ஆக, ஏழாண்டு இணைப்பு தன் முதல் ஆண்டிலேயே ஒரு சிறைப் படுகொலையைக் கண்டு, அதைப் பற்றிய விசாரணைகளின் வெளிச்சத்தில் முடிந்தது.

அடுத்த 33 ஆண்டுகள் பரோல் அலுவலகம் சிறை வாசலுக்கு வெளியே இருந்தது. அந்தக் காலத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். ராக்ஃபெல்லர் 1973இல் கொண்டுவந்த போதைப்பொருள் சட்டங்களால் சிறைகள் வீங்கின. 1970களின் தொடக்கத்தில் மாநிலச் சிறைகளில் சுமார் 12,500 பேர் இருந்தார்கள். 1999இல் 72,000 பேருக்கு மேல். வெளியே வருபவர்களின் எண்ணிக்கையும் அதற்கேற்ப உயர்ந்தது. தனித் துறை என்பதாலேயே பரோல் அலுவலர்கள் கனிவானவர்களாக இருந்துவிடவில்லை. திரும்பச் சிறைக்கு அனுப்பும் பிடிவாரண்டு அவர்களுடைய மேசையிலிருந்துதான் கிளம்பியது.

இரண்டு துறைகளும் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததும் உண்மை. சிறைக்குள் ஒருவர் எட்டு ஆண்டுகளாகத் தச்சு வேலை படித்திருப்பார், மனநல மருந்து எடுத்துக்கொண்டிருப்பார். அவர் டேனமோராவிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பேருந்தில் வந்து நியூயார்க் நகரில் இறங்கும்போது, அவரை எதிர்கொள்ளும் அலுவலருக்கு அந்த எட்டு ஆண்டுகளின் விவரம் முழுமையாகப் போய்ச் சேர்ந்திருக்காது. மருந்துச்சீட்டு தாமதமாகும். அடையாள அட்டை இருக்காது. போக வீடு உண்டா என்ற கேள்வி விடுதலைக்குச் சில வாரங்கள் முன்புதான் எழும்.

ஆனால் அந்தப் பழைய அமைப்பில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஒவ்வொரு சிறையிலும் பரோல் துறையைச் சேர்ந்த அலுவலர்கள் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். சம்பளம் வேறு துறையிடமிருந்து. மேலதிகாரி வேறு கட்டடத்தில். வாரியத்தின் முன் வரப்போகும் கைதியிடம் பேசி, அவருடைய கோப்பைத் தொகுத்து அறிக்கை எழுதுவது அவர்கள் வேலை. சிறையின் அன்றாட ஒழுங்கு அவர்கள் கவலை அல்ல. காவலரோடு ஒரு கைதிக்கு மனக்கசப்பு இருந்தால், அந்த அலுவலர் அதை வெளியிலிருந்து வந்தவரின் கண்ணால் பார்க்க இடமிருந்தது. எல்லோரும் அப்படிப் பார்த்தார்கள் என்று சொல்லவில்லை. அதற்கான இடம் அந்த நாற்காலியில் இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

2011இன் இணைப்பு அந்த நாற்காலியை எடுத்துவிட்டது. சிறைக்குள் இருந்த பரோல் அலுவலர் பணியும், சிறைத்துறையின் ஆலோசகர் பணியும் ஒன்றாக்கப்பட்டு, மறுவாழ்வு ஒருங்கிணைப்பாளர் என்ற ஒரே பதவி உருவானது. கைதியை வகுப்பில் சேர்ப்பவரும், ஒழுங்கு மீறலைக் குறித்துவைப்பவரும், வாரியத்துக்கு அறிக்கை எழுதுபவரும் இப்போது சிறைத்துறையின் பணியாளர்களே.

பெற்றவையும் கணிசமானவை. இன்று ஒருவர் சிறைக்குள் நுழைந்ததும் அவருக்கான விடுதலைத் திட்டத்தை எழுதத் தொடங்குகிறார்கள். என்ன படிக்க வேண்டும், எந்தச் சிகிச்சை, வெளியே யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே கோப்பில் சேர்கின்றன. அந்தக் கோப்பு அவரோடு வெளியே வருகிறது. வாரியம் ஆபத்தையும் தேவையையும் அளவிடும் எழுத்துபூர்வமான முறைகளைப் பின்பற்ற வேண்டும் என்பதையும் அதே 2011 சட்டமே கட்டாயமாக்கியது. குற்றத்தின் கொடுமையை மட்டும் பார்த்து மறுப்பது முன்பு எளிதாக இருந்தது. இப்போது அவர் இன்று யாராக இருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். வாரியத்தின் முடிவெடுக்கும் உரிமை சட்டப்படி தனியாகவே விடப்பட்டது. உறுப்பினர்களை ஆளுநர் நியமிக்கிறார், மேலவை ஒப்புதல் தருகிறது, பதவிக்காலம் ஆறு ஆண்டு. வாரியத்தின் மேசையும் நாற்காலியும் பணியாளர்களும் துறையினுடையவை. தீர்ப்பு மட்டும் வாரியத்தினுடையது.

கண்காணிப்பு முறையும் மாறியது.  இப்போது கணினி மதிப்பீட்டின்படி நான்கு படிகள். அதிக ஆபத்து உள்ளவர் என்று கருதப்பட்டால் ஓர் அலுவலருக்கு 25 பேர். மிகக் குறைந்த படியில் 160 பேர். கடைசிப் படியில் இருப்பவருக்கு இது பெரிய ஆறுதல், ஏனென்றால் அவரைத் தேடி யாரும் அடிக்கடி வருவதில்லை. அவருக்கு உதவி தேவைப்படும்போதும் யாரும் வருவதில்லை. 160 பெயர்களை ஒரு மனிதர் முகத்தோடு நினைவில் வைத்திருப்பது கடினம்.

இத்தனை மாற்றத்துக்குப் பிறகும், நிபந்தனை மீறலைப் பற்றி அட்டிகா கைதிகள் 1971இல் எழுப்பிய சிக்கல் மட்டும் நெடுங்காலம் தீரவில்லை. துறைகள் பிரிந்திருந்தபோதும் தீரவில்லை, சேர்ந்தபோதும் தீரவில்லை. 2019இல் நியூயார்க் மாநிலச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் பரோல் நிபந்தனையை மீறியவர்கள். அலுவலரைச் சந்திக்கத் தவறியவர், இரவு நேரக் கட்டுப்பாட்டைத் தாண்டியவர், முகவரி மாற்றத்தைச் சொல்லாதவர், போதைப்பொருள் சோதனையில் சிக்கியவர். பிடிவாரண்டு வந்துவிட்டால் ஜாமீன் கிடையாது. முதற்கட்ட விசாரணைக்கு 15 நாள், இறுதி விசாரணைக்கு அதன்பின் 90 நாள் என்று சட்டம் அவகாசம் கொடுத்திருந்தது. நியூயார்க் நகரில் அந்த நாட்களை ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் கழிக்க வேண்டும். மூன்று மாதம் காணாமல் போனவருக்கு வேலை காத்திருக்காது, வாடகை வீடும் காத்திருக்காது. நிபந்தனையை மீறவில்லை என்று கடைசியில் தீர்ப்பானாலும் அவர் திரும்பி வருவது வெறுங்கையோடுதான். 2020 ஏப்ரலில் ரைக்கர்ஸ் தீவில் கொரோனாவால் முதலில் இறந்த கைதி, இப்படி ஒரு நிபந்தனை மீறலுக்காக அடைக்கப்பட்டிருந்தவர்.

2021 செப்டம்பர் 17 அன்று ஆளுநர் கேத்தி ஹோகுல் 'குறைவே நிறைவு' என்ற பொருள்படும் பெயர் கொண்ட சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்றே ரைக்கர்ஸ் தீவிலிருந்து 191 பேரை விடுவிக்க உத்தரவு போனது. 2022 மார்ச் முதல் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிடிவாரண்டில் கைதானவர் 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட வேண்டும். அவரை அடைத்துவைப்பதா விடுவதா என்று அங்கே தீர்மானிக்கப்படும். அடைத்தால் ஐந்து நாளுக்குள் முதற்கட்ட விசாரணை, 30 நாளுக்குள் இறுதி விசாரணை. இரவுக் கட்டுப்பாட்டை மீறியதற்குச் சிறை இல்லை. வேறு நிபந்தனை மீறல்களுக்குப் பெரும்பாலும் அதிகபட்சம் 30 நாள். முன்பு அது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீண்டது. ஒழுங்காக இருக்கும் ஒவ்வொரு 30 நாளுக்கும் கண்காணிப்புக் காலத்தில் 30 நாள் கழியும். ஆயுள் முழுக்கக் கண்காணிப்பில் இருப்பவர்கள் போன்ற சிலருக்கு இந்தக் கழிவு இல்லை.

அரசு வழக்கறிஞர்கள் சிலரும் பரோல் அலுவலர்கள் பலரும் இதை எதிர்த்தார்கள். தங்கள் கையில் இருந்த கட்டுப்பாட்டைப் பறித்துவிட்டு, ஏதாவது நடந்தால் தங்களையே கேட்பார்கள் என்பது அலுவலர்களின் குறை. அது புறக்கணிக்கக்கூடிய குறை அல்ல. போதையில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒருவரை ஒரு பிடிவாரண்டு காப்பாற்றியதாக நம்பும் அலுவலர்கள் உண்டு, சில வேளை அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் சிகிச்சை தேவைப்படுபவருக்குச் சிறையைத் தவிர வேறு எதையும் கொடுக்க முடியாத நிலையைச் சட்டத்தின் மேல் சுமத்த முடியாது.

இந்த மாற்றத்தின் தடயத்தை செனகா ஏரிக்கரையில் பார்க்கலாம். அங்கே உள்ள வில்லர்டு, 1869இல் மனநோயாளிகளுக்கான காப்பகமாகத் திறக்கப்பட்டது. 1995இல் காப்பகம் மூடப்பட்டு, அதே வளாகம் சிறைத்துறையின் போதை சிகிச்சை முகாமானது. பரோல் நிபந்தனையை மீறியவர்களை 90 நாள் அங்கே அனுப்பினார்கள். 2022 மார்ச்சில் அதுவும் மூடப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கரையில் யாரோ அடைபட்டிருந்தார்கள். அந்த ஊரில் வேலை கொடுத்த பெரிய நிறுவனமும் அதுவே என்பதால், மூடியபோது ஊருக்கு வருத்தமும் இருந்தது. பிராங்க்ஸ் பகுதியில் இருந்த ஃபுல்டன் சிறை 2011இலேயே, இணைப்பு நடந்த அதே ஆண்டில், மூடப்பட்ட ஏழு சிறைகளில் ஒன்று. அந்தக் கட்டடம் விடுதலையானவர்களுக்கான மறுவாழ்வு மையமாக்குவதற்காக ஆஸ்பர்ன் சங்கத்திடம் கொடுக்கப்பட்டது. அந்தச் சங்கம் பெயர் தாங்கும் தாமஸ் மாட் ஆஸ்பர்ன், சிறை வாழ்க்கை எப்படியிருக்கும் என்று அறிய 1913இல் ஆபர்ன் சிறையில் ஒரு வாரம் கைதியாக இருந்தவர்.

2011இல் மாநிலச் சிறைகளில் சுமார் 56,000 பேர் இருந்தார்கள். 2022இல் சுமார் 31,000. இதை இணைப்பின் சாதனையாகக் காட்டினால் அது மிகை. குற்றங்கள் குறைந்தன, போதைப்பொருள் சட்டங்கள் 2004லும் 2009லும் தளர்த்தப்பட்டன, கொரோனாக் காலத்தில் நீதிமன்றங்கள் நின்றன. வெளியே இருப்பவரின் நாளை மாற்றியது அலுவலரின் கையிலிருந்த அதிகாரத்துக்கு வந்த வரம்பு. அலுவலகத்தின் பெயர்ப்பலகை மாறியதால் அவருக்கு வந்த மாற்றம் சொற்பம்.

உள்ளே இருப்பவருக்கு அப்படி இல்லை. அவருக்கு அந்தப் பெயர்ப்பலகை முக்கியம். வாரியத்தின் முன் தன்னைப் பற்றி எழுதப்போகிறவர், தன்னைப் பூட்டிவைத்திருக்கும் துறையின் ஊழியர் என்பது அவருக்குத் தெரியும். காவலரைப் பற்றிப் புகார் எழுதலாமா என்று யோசிக்கும் இரவில் அது நினைவுக்கு வரும். எல்மைராவில் இருந்த ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இன்று நேர்காணலுக்கு எழுத்து விதிகள் உண்டு, மேல்முறையீடு உண்டு, மறுப்புக்குக் காரணம் சொல்லும் கட்டாயம் உண்டு. அறிக்கை எழுதுபவர் இருக்கும் இடம் மட்டும் எல்மைராவுக்குப் பக்கத்தில் போயிருக்கிறது.

இணைப்பைக் கலைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே கோப்பு என்பது விடுதலையாகிறவருக்கு நன்மை. மருந்துச்சீட்டும் அடையாள அட்டையும் அவரோடு வாசலைத் தாண்டுவது நன்மை. பிரிந்திருந்த காலத்தின் குழப்பத்துக்குத் திரும்ப யாருக்கும் விருப்பம் இருக்காது. ஆனால் வாரியத்துக்குப் போகும் அறிக்கையை எழுதும் வேலையை மட்டும் சிறைத்துறையிடமிருந்து எடுத்து, வாரியத்தின் நேரடிப் பணியாளர்களிடம் கொடுக்க வேண்டும். அதற்குப் புதிய துறை தேவையில்லை. ஒரு சட்டத் திருத்தமும் சில நூறு பணியிடங்களும் போதும்.